கணிப்பொறி கற்றுத்தந்த அருட்சகோதரி

மார்கழி மாதத்து விடியற்காலையில் நம் விளாங்குடித் தெருக்களில் நடந்து வருவோர் ஓர் அழகிய காட்சியைக் காண்பர். சாணம் தெளித்த வாசலில் அக்காள் ஒருத்தி குனிந்து நின்று, தன் தங்கைக்குக் கோலம் போடக் கற்றுக் கொடுத்துக் கொண்டிருப்பாள். நடு வரிசையில் ஏழு புள்ளி வைக்கவேண்டும். அதன் மேலும் கீழும் இடைப்புள்ளியாக ஆறு. பிறகு ஐந்து. பிறகு நான்கு. நான்கு வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். தங்கை சொன்னபடியே செய்வாள். ஒரு புள்ளி தவறினாலும் இழைகள் ஒன்றோடொன்று சேரமாட்டா. அழித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

தான் செய்வது எத்தகைய அரிய கலை என்பது அந்த அக்காளுக்குத் தெரியாது. ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, எங்கே தொடங்குவது, எதைத் திரும்பச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பதை ஐயத்திற்கு இடமின்றி அறியாதவருக்கு எடுத்துச் சொல்லும் கலை அது. தங்கைக்குப் பதிலாக ஒரு கணிப்பொறிக்கு அவ்வாறு எடுத்துச் சொன்னால் அதற்கு நிரல் என்று பெயர். ஆங்கிலத்தில் புரோகிராம் என்பர்.

இன்று நம் வீடுகளில் சிறுமியர்கூடக் கணிப்பொறியைத் தொட்டுப் பழகுகின்றனர். ஆனால் ஒரு காலத்தில் அது பூட்டிய அறைக்குள் இருந்தது. விஞ்ஞானிகள் சிலரும் பொறியாளர் சிலருமே அதை நெருங்க முடிந்தது. அவர்களுள்ளும் பெண்கள் மிகச் சிலரே. அந்த அறைக்குள் தாமும் நுழைந்து, தமக்குப் பின்னால் கதவைச் சாத்திக் கொள்ளாமல், ஆசிரியைகளையும் அலுவலகப் பெண்களையும் கைக்குழந்தையோடு வந்த தாய்மாரையும் உள்ளே அழைத்தவர் ஒரு கன்னியாஸ்திரி. அவரே அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர்.

இளமையும் இறை அழைத்தலும்

அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில், ஈரி என்னும் பெரிய ஏரியின் கரையில் கிளீவ்லாந்து நகரம் இருக்கிறது. அந்நகரில் ஜான் ஆதாம் கெல்லர், கேத்தரின் ஜோசபின் என்னும் பெற்றோருக்கு 1913 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் நாள் அவர் பிறந்தார். நம் கணக்குப்படி அதுவும் மார்கழி மாதமே. பெற்றோர் இட்ட பெயர் ஈவ்லின் மேரி.

1932 ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், அவர் தூய கன்னி மரியாளின் அன்புச் சகோதரிகள் என்னும் துறவற சபையில் சேர்ந்தார். அமெரிக்காவில் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த காலம் அது. ஆலைகள் மூடிக் கிடந்தன. வேலையற்றோர் உணவுக்காக வீதிகளில் வரிசையில் நின்றனர்.

அந்தச் சபையின் வரலாறும் நாம் அறியத் தக்கது. அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரத்திலிருந்து மேரி பிரான்சஸ் கிளார்க் என்பவரும் அவருடைய தோழியர் சிலரும் கடல் கடந்து அமெரிக்கா சென்றனர். பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதே அவர்கள் நோக்கம். 1833 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் சபை தோன்றியது. பத்தாண்டுகளுக்குப் பின், 1843 இல், அவர்கள் மேற்கே சென்று, மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டுபூக் நகரில் பள்ளி தொடங்கினர். அதுவே பிற்காலத்தில் வளர்ந்து கிளார்க் கல்லூரி ஆயிற்று. இந்தக் கல்லூரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் அருட்சகோதரியின் வாழ்வில் அது பிறகு வரும்.

ஈவ்லின் 1940 ஆம் ஆண்டில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார். மேரி கென்னத் என்பது சபையில் அவர் ஏற்ற பெயர். சபையின் பணி கல்விப்பணி ஆகையால், அவரும் ஆசிரியப் பணியில் அமர்ந்தார். கணிதம் அவருக்கு உயிர்.

காலம் தாழ்ந்தாலும் கைவிடாத கல்வி

இன்றைய மாணவியர் இருபது, இருபத்தொரு வயதில் பட்டம் பெற்றுவிடுகின்றனர். அருட்சகோதரி மேரி கென்னத் சிகாகோ நகரில் உள்ள டிபால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் இளநிலைப் பட்டம் பெற்றது 1943 இல். அப்போது அவருக்கு வயது 29. முதுநிலைப் பட்டம் பெற்றது 1953 இல். அப்போது வயது 39. ஒரு பட்டத்திற்கும் அடுத்த பட்டத்திற்கும் இடையே பத்து ஆண்டுகள்!

அதே 1953 ஆம் ஆண்டில்தான் நம் விளாங்குடிக்கு அருகே, திண்டுக்கல் சாலையில் இருக்கும் பாத்திமா கல்லூரியை லியோன் புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் மதுரையில் நிறுவினார்கள். பெண்கள் உயர்கல்வி பெறவேண்டும் என்ற ஒரே எண்ணம், கடலுக்கு அப்பாலும் இப்பாலும் கன்னியர் மடங்களில் ஒரே காலத்தில் வேலை செய்துகொண்டிருந்ததை எண்ணும்போது உள்ளம் மகிழ்கிறது.

நாற்பது வயதை எட்டும் ஆசிரியை ஒருவர், போதும் என்று நின்றிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்நாட்களில் ஒரு புதுமையான இயந்திரம் பற்றிய பேச்சுக் கணித உலகில் எழுந்துகொண்டிருந்தது. ஒரு நாள் கணிப்பொறி என்பதைப் பார்த்து வரலாம் என்று சென்ற அருட்சகோதரி, பிறகு அதைவிட்டு மீளவே இல்லை. கணிதம் பயிலவும் பயிற்றவும் அதைவிடச் சிறந்த கருவி கிடைக்காது என்று கண்டுகொண்டார். நடு வயதில், ஒரு புதிய பாடத்தின் முதல் வகுப்பில், முதல் பாடத்திலிருந்து மாணவியாக அமர்ந்தார்.

பூட்டிய அறை

அக்காலத்துக் கணிப்பொறி இன்றுபோல் மேசைமேல் நிற்பதன்று. ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு, குளிரூட்டப்பட்ட காற்றில், காவலோடு இருந்தது. அதனிடம் ஒரு கணக்கைச் சொல்லவேண்டுமானால், ஒவ்வொரு கட்டளையையும் ஓர் அட்டையில் சிறு துளைகளாகத் துளைக்கவேண்டும். நூறு கட்டளை என்றால் நூறு அட்டை. அட்டைக் கட்டை அடுக்குக் குலையாமல் எடுத்துச் சென்று சாளரத்தில் ஒப்படைத்துவிட்டு வரவேண்டும். விடை சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் வரும். ஒரு காற்புள்ளி விட்டுப் போயிருந்தாலும் விடைக்குப் பதிலாகப் பிழைச் செய்திதான் வரும். திருத்தி, மறுபடியும் அட்டை துளைத்து, மறுபடியும் காத்திருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர் மனம் தளர்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த நிலையை மாற்ற முயன்ற இடங்களுள் ஒன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள டார்ட்மத் கல்லூரி. அது ஆடவர் மட்டுமே பயின்ற கல்லூரி. பெண்களை மாணவியராக 1972 ஆம் ஆண்டில்தான் அது சேர்த்துக்கொண்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தேசிய அறிவியல் நிறுவனத்தின் உதவியோடு நடந்த பயிற்சி முகாம் வாயிலாக அருட்சகோதரி மேரி கென்னத் அங்குள்ள கணிப்பொறி நிலையத்தில் பணிபுரிந்தார். ஆடவர் கல்லூரி ஒன்றின் கணிப்பொறி அறையில், துறவற உடை அணிந்த ஒரு பெண்மணி!

அதே கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரண்டு கணிதப் பேராசிரியர்கள் தம் மாணவர்களோடு சேர்ந்து பேசிக் என்னும் எளிய கணிப்பொறி மொழியை உருவாக்கினர். 1964 ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், விடியற்காலை நான்கு மணிக்கு, அம்மொழியில் எழுதிய நிரல் முதன்முதலாக இயங்கியது. அட்டையும் வேண்டாம், மறுநாள் வரை காத்திருப்பதும் வேண்டாம். தட்டச்சுப் பொறி போன்ற கருவியின் முன் அமர்ந்து கட்டளையைத் தட்டினால் சிறிது நேரத்தில் விடை வரும். பலர் ஒரே நேரத்தில் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளவும் வழி செய்தனர்.

பேசிக் மொழியை ஆக்கியதில் அருட்சகோதரிக்கும் பங்கு உண்டு என்று பலர் எழுதிவருகின்றனர். அம்மொழியை ஆக்கிய பெருமை கெமனி, கர்ட்ஸ் இருவருக்கும் அவர்தம் மாணவர்களுக்கும் உரியது என்று சொல்வதே முறை. பிறர் புகழை எடுத்துச் சூட்டவேண்டிய தேவை நம் அருட்சகோதரிக்கு இல்லை. எவருக்கும் எளிதில் கற்பிக்கத்தக்கதாகக் கணிப்பொறி அமையவேண்டும் என்னும் அதே கருத்தைத் தம் வாழ்வின் பணியாக்கிக் கொண்டாரே, அது அவருக்கே உரிய பெருமை.

முதற்பாடம் எப்படி இருக்கும்?

புதியவருக்குக் கணிப்பொறி கற்பிப்பது எப்படி என்பதை நம் பள்ளி வாழ்க்கையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரு மாணவியின் ஐந்து பாட மதிப்பெண்களுக்குச் சராசரி காணவேண்டும். பேசிக் மொழியில் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் ஓர் எண் இருக்கும். தமிழில் சொன்னால் இப்படி அமையும்:

10 ஐந்து மதிப்பெண்களையும் வாங்கிக்கொள்.
20 அவற்றைக் கூட்டு.
30 கூட்டுத்தொகையை ஐந்தால் வகு.
40 வந்த விடையை அச்சிடு.
50 முடி.

அவ்வளவுதான்! அச்சிடுவதற்குப் பிரிண்ட், முடிப்பதற்கு எண்ட் என்று, அம்மொழியின் கட்டளைகள் எல்லாம் ஆங்கிலம் அறிந்தவர் அன்றாடம் வழங்கும் எளிய சொற்களே.

ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் பத்து, இருபது என்று எண்ணுவானேன்? இடையில் புதிய கட்டளை சேர்க்க இடம் வேண்டும் அல்லவா? எந்தப் பாடத்திலாவது மதிப்பெண் 35-க்குக் குறைந்திருந்தால் அதைத் தெரிவி என்று சொல்ல விரும்பினால், 15 என்று எண்ணிட்டு எழுதினால் போதும். கணிப்பொறி அதனைப் பத்துக்கும் இருபதுக்கும் இடையில் தானே வைத்துக்கொள்ளும். தொடக்கத்திலேயே எல்லாம் சரியாக வந்துவிடாது, பிறகு திருத்தத்தான் போகிறோம் என்பதை முன்கூட்டியே எண்ணி அமைத்த ஏற்பாடு இது.

மாணவி ஒருத்தி முப்பதாம் கட்டளையை எழுத மறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 80 என்று வரவேண்டிய இடத்தில் 400 என்று கணிப்பொறி சற்றும் தயங்காமல் அச்சிட்டுவிடும். அதற்குக் கோபம் இல்லை, கேலி இல்லை, பிறரிடம் சொல்லிக்காட்டவும் தெரியாது. சொன்னதைச் செய்திருக்கிறது. நாம் சொன்னதில்தான் குறை. எந்தப் படியில் தவறினோம் என்று தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினால் மறு நொடியே சரியான விடை வரும். தவறு செய்வது குற்றமன்று, தேடாமல் விடுவதே குற்றம் என்பதை இந்த இயந்திரம் பொறுமையோடு போதிக்கிறது.

முதலில் கண்ட கோலத்திற்கு வருவோம். ஏழில் தொடங்கு, ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போ, நான்கு வரும்வரை திரும்பச் செய், பிறகு நிறுத்து. இதனைப் பேசிக் மொழியில் ஃபார், நெக்ஸ்ட் என்னும் இரு சொற்களால் அமைக்கலாம். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்வதை மடக்கு என்பர். ஆயிரம் மாணவியருக்குச் சராசரி காணவேண்டுமானாலும் நிரல் ஆயிரம் மடங்கு நீளாது. மடக்கு ஒன்று சேர்த்தால் போதும்.

முனைவர் பட்டம்

டார்ட்மத் அனுபவத்திற்குப் பின் அருட்சகோதரி விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி ஆனார். சில எடுத்துக்காட்டுகளைப் பார்த்து, அவற்றுள் அடங்கிய பொதுவிதியைக் கணிப்பொறியே ஊகித்து அறியும்படி செய்யலாமா என்பது அவர் ஆராய்ந்த பொருள். நன்கு எண்ணிப் பார்த்தால் இதுவும் கற்பித்தல் பற்றிய கேள்விதான். நம் வகுப்பில் ஆசிரியை நான்கு கணக்குகளைக் கரும்பலகையில் செய்து காட்டுகிறார். ஐந்தாவதை நாம் செய்கிறோம். நான்கிலிருந்து ஐந்திற்கு நம் மனம் தாவுவது எப்படி? ஒரு பள்ளி ஆசிரியைக்கு எழக்கூடிய இந்தக் கேள்வியை அவர் இயந்திரத்திடம் கேட்டுப் பார்த்தார். எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இயந்திரத்திற்குக் கற்பிக்கும் முறை இன்று செயற்கை அறிவு என்ற பெயரில் உலகெங்கும் பேசப்படுகிறது. அவர் அதைப் பற்றி எண்ணியது ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பு.

1965 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் நாள் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கப்பட்டது. கணிப்பொறி இயலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. அதே நாளில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இர்விங் டாங் என்பவரும் அவ்வியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அத்துறையில் முதன்முதல் பட்டம் பெற்றவர்களாக இவ்விருவரும் போற்றப்படுகின்றனர். அப்போது அருட்சகோதரிக்கு வயது 51. மடத்தில் சேர்ந்து 33 ஆண்டுகள் கடந்திருந்தன.

இங்கே நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகளுக்கு முன், 1959 இல், முனைவர் பட்டம் பெற்றவர் நம் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன். அவர் 1963 ஆம் ஆண்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அவ்வாண்டில் அங்கே ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து இறங்கியது. மாணவர்களுக்கு மட்டுமன்றி, பிற கல்லூரி ஆசிரியர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் அங்கே நடந்தன. புதிதாகக் கற்போருக்கென ராஜாராமன் எழுதிய நிரல் நூல் 1969 ஆம் ஆண்டில் வெளிவந்து, பல தலைமுறை இந்திய மாணவர்களுக்கு முதல் நூலாக விளங்கியது. டுபூக் நகரில் ஒரு கன்னியாஸ்திரியும் கான்பூரில் ஒரு தமிழரும் ஒரே காலத்தில் ஒரே பணியைச் செய்துகொண்டிருந்தனர். அறியாதவருக்கு முதல் எழுத்தைச் சொல்லித் தருவதே அந்தப் பணி.

கிளார்க் கல்லூரியில் இருபது ஆண்டுகள்

புகழ் பெற்ற பெரிய பல்கலைக்கழகம் எதையும் அருட்சகோதரி நாடவில்லை. தம் சபை நடத்திய கிளார்க் கல்லூரிக்கே திரும்பி வந்தார். அப்போது அது பெண்கள் பயின்ற சிறிய கல்லூரி. 1965 ஆம் ஆண்டிலேயே அங்கே கணிப்பொறி இயல் துறையைத் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதன் தலைவியாக இருந்தார். சிறிய கல்லூரிகளில் அத்தகைய துறை காண்பதே அரிது என்னும் காலம் அது. கருவிகள் வாங்கத் தேசிய அறிவியல் நிறுவனத்திடமிருந்து 25,000 டாலர் உதவித்தொகை கிடைத்தது. பெரிய பல்கலைக்கழகங்களின் கணக்கில் அது சிறு தொகை. அதைக்கொண்டு அவர் ஒரு துறையையே கட்டி எழுப்பினார்.

கணிப்பொறி விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று, எத்துறையினர்க்கும் பயன்படவேண்டியது என்பது அவர் கொள்கை. அதனால் கணித மாணவியருக்கு மட்டுமன்றி ஏனையோருக்கும் வகுப்பு நடந்தது. பள்ளி ஆசிரியர்கள் கணிப்பொறியைத் தம் வகுப்பறையில் பயன்படுத்தக் கற்கும் பொருட்டு முதுநிலைப் படிப்பு ஒன்றும் ஏற்படுத்தினார். ஓர் ஆசிரியைக்குக் கற்பித்தால் அவர் வழியாக எத்தனையோ குழந்தைகளுக்குக் கற்பித்ததாகும் அன்றோ?

வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்த இளம் தாய்மாரும் இருந்தனர். குழந்தையை எங்கே விட்டுவருவது என்பது அவர்கள் கவலை. அருட்சகோதரி அதற்குச் சொன்ன வழி மிக எளியது. குழந்தையையும் வகுப்பிற்கே எடுத்து வாருங்கள் என்றார். கணிப்பொறி அறை என்றால் தூசியும் சத்தமும் கூடாத இடம் என்றிருந்த காலத்தில், ஒரு தாய் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நிரல் கற்கலாம் என்று சொல்வதற்கு எவ்வளவு பரந்த உள்ளம் வேண்டும்! அவர் பெற்ற பட்டத்தைவிட இந்த ஒரு செயலே அவர் யார் என்பதை நமக்குக் காட்டுகிறது.

உலகில் செய்திகள் வெள்ளம்போல் பெருகிவருகின்றன, தேவைப்படும்போது எடுக்க முடியாத செய்தியால் எவருக்கும் பயனில்லை, ஆகவே அவற்றை ஒழுங்குசெய்து தரக் கணிப்பொறி உதவும் என்று அவர் முன்கூட்டியே கண்டார். வயது வந்தபின் படிக்க வருவோர் தொகை இனிப் பெருகும் என்றும், அவர்கள் கற்பதற்கு இந்த இயந்திரம் துணையாகும் என்றும் எதிர்பார்த்தார். நடு வயதில் புதிய பாடம் கற்ற அவருக்கு அந்தத் தேவை நன்றாகவே தெரிந்திருந்தது. கல்வித்துறையில் சிறு கணிப்பொறிகளைப் பயன்படுத்துவோருக்கான சங்கம் ஒன்றை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். பெரிய இயந்திரம் வாங்க வசதியில்லாத சிறிய கல்லூரிகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ள அச்சங்கம் துணைநின்றது. கணிப்பொறி பற்றி நான்கு நூல்களும் அவர் எழுதினார்.

இறைவனடி சேர்தல்

1985 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் நாள், தம் 71 ஆம் வயதில், டுபூக் நகரில் அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் இறைவனடி சேர்ந்தார். கிளார்க் கல்லூரி 2010 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்குள்ள கணிப்பொறி நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கணிப்பொறி இயல் பயிலும் மாணவர்களுக்கு அவர் பெயரால் உதவித்தொகையும் ஏற்படுத்தப்பட்டது.

அவர் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன்தான், 1984 ஆம் ஆண்டில், நம் இந்திய நாட்டில் பள்ளி மாணவர்களுக்குக் கணிப்பொறி அறிமுகம் செய்யும் கிளாஸ் என்னும் திட்டத்தை மைய அரசு தொடங்கியது. ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு, பிரிட்டனில் செய்த பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. அந்த இயந்திரத்திலும் மாணவர்கள் முதலில் கற்றது பேசிக் மொழியே. டார்ட்மத் கல்லூரியில் ஒரு விடியற்காலையில் பிறந்த அந்த எளிய மொழி, இருபது ஆண்டுகளில் நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர் சிறுமியரின் விரல்நுனிக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2011 ஆம் ஆண்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் வந்தபோது, கணிப்பொறியையே முதன்முறையாகக் கண்ட வீடுகள் எத்தனையோ உண்டு.

நாம் கற்க வேண்டியவை

அன்பு மாணவியரே! கணக்கு எனக்கு வராது, ஆதலால் கணிப்பொறியும் வராது என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. அவர்கள் ஒரு முறை கோலத்தையோ, பூத்தொடுப்பதையோ, சோறு வடிப்பதையோ, அறியாத ஒருவருக்குப் படிப்படியாகச் சொல்லிப் பார்க்கட்டும். எந்தப் படியை விட்டோம் என்பது உடனே தெரிந்துவிடும். அந்தப் படியைத் தேடிச் சேர்க்கத் தெரிந்தவளுக்கு நிரல் எழுதும் அறிவு ஏற்கெனவே இருக்கிறது. மீதி பழக்கமே. இன்று நாம் கேட்டால் நிரலைத் தானே எழுதித் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஆனாலும் நமக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்வதும், வந்த விடை 80-ஆ 400-ஆ என்று பார்த்துத் தவறை அறிவதும் நம் பொறுப்பாகவே இருக்கின்றன.

பெற்றோர்களே! மகளுக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது, இருபத்தைந்தாகிவிட்டது, கையில் குழந்தை இருக்கிறது, இனி எதற்குப் படிப்பு என்று எண்ணவேண்டாம். நம் அருட்சகோதரி கணிப்பொறியைக் கற்றது நடு வயதில். முனைவர் ஆனது ஐம்பத்தொன்றில். அவருடைய வகுப்பில் தொட்டிலுக்கும் இடம் இருந்தது.

எங்களுக்குக் கற்பிக்கும் அருட்சகோதரிகளே, ஆசிரியைகளே! ஒன்றும் அறியாமல் வந்து நிற்கும் மாணவியிடம் பொறுமை காட்டுவதும் இறைவனுக்குச் செய்யும் தொண்டே என்பதை நீங்கள் நாள்தோறும் எங்களுக்குக் காட்டி வருகிறீர்கள். அந்த நன்றியை இக்கட்டுரை வாயிலாகத் தெரிவித்துக் கொள்கிறோம்.

வரும் மார்கழியில் நம் வீட்டு வாசலில் தங்கைக்கு ஏழு புள்ளிக் கோலம் சொல்லிக் கொடுக்கும்போது, டிசம்பர் 17 ஆம் நாள் பிறந்த இந்த அருட்சகோதரியை நினைத்துக்கொள்வோம். தங்கை தவறிப் புள்ளி வைத்தால் கோபிக்காமல், எந்த வரிசையில் தவறினாள் என்று கூடவே குனிந்து பார்ப்போம். நாம் கற்றதை நம்மோடு வைத்துக்கொள்ளாமல் அடுத்தவளுக்கும் கற்றுக் கொடுப்போம். அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லருக்கு நாம் செய்யக்கூடிய சிறந்த நினைவாஞ்சலி அதுவே.